சிவப்புக் காகிதம் ஒட்டிய தட்டு

வாருங்கள் தம்பி, உட்காருங்கள். செருப்பு அங்கேயே கிடக்கட்டும். முதலில் ஒரு விடுகதை போடுகிறேன். பதில் சொன்னால்தான் காபி.

பல் இல்லை, நாக்கு இல்லை, நடுவயிற்றில் ஓட்டை. ஊசி பட்டால் அழும், ஊசி எடுத்தால் வாய் மூடும். அது என்ன?

குழந்தையா? எல்லோரும் அதைத்தான் முதலில் சொல்கிறார்கள். குழந்தைக்கு வயிற்றில் ஓட்டை ஏது? அப்புறம், ஊசியை எடுத்தவுடன் வாய் மூடுகிற குழந்தையை நீங்கள் எங்கே பார்த்தீர்கள்? இசைத்தட்டு தம்பி, இசைத்தட்டு. அதைத் தேடித்தான் பெங்களூரிலிருந்து ரயிலேறி வந்திருக்கிறீர்கள், அதையே சொல்லத் தெரியவில்லை பாருங்கள். பரவாயில்லை. தட்டுப் பைத்தியம் உங்கள் மாமனாருக்கு, உங்களுக்கு இல்லை. மாமனாருக்காக இவ்வளவு தூரம் வருகிற மருமகனை நான் இன்றுதான் பார்க்கிறேன். காபி தருகிறேன், கவலைப்படாதீர்கள். இந்தத் தட்டில் இருப்பது மக்ரூன். தூத்துக்குடிக்கு வந்துவிட்டு அதைச் சாப்பிடாமல் போகக் கூடாது. முந்திரியும் முட்டையின் வெள்ளைக்கருவும்தான். வாயில் வைத்தால் கரைந்துவிடும்.

உங்கள் மாமனார் கொடுத்த பட்டியலைக் காட்டுங்கள். ம். பென்சிலால் அடிக்கோடு போட்டிருக்கிறாரே, லூதர் கிரெய்ன், பச்சை லேபிள். எனக்குத் தெரியும், இதற்குத்தான் ஆள் அனுப்பியிருப்பார் என்று. மற்றதெல்லாம் சாக்கு.

அந்தத் தட்டு இங்கே இருக்கிறதா என்று கேட்டால், இருக்கிறது. பாட வருமா என்று கேட்டால், வராது. ஏன் என்பதற்குக் கொஞ்சம் உட்கார வேண்டும். போன வியாழக்கிழமை கோர்ட்டில் நீதிபதி அம்மா என் மகளிடம் ஒரு கேள்வி கேட்டார்கள். அப்பாவிடம் எப்போதெல்லாம் வந்து இருக்கிறாய் என்று. அதற்கு அவள் என்ன சொன்னாள் என்பதில் கொண்டுபோய் முடிப்பேன். ஆனால் தட்டிலிருந்துதான் தொடங்க வேண்டும். எல்லாம் அந்தத் தட்டினால் வந்தது.

நான் துறைமுகத்தில் ஒரு கப்பல் ஏஜென்சி ஆபீஸில் கிளார்க். ரெனால்டு மச்சாது என்றால் கேட்டில் இருக்கிற வாட்ச்மேன்கூட 'பாட்டு மச்சாதுவா?' என்பான். பதினெட்டு வயதில் வேலைக்குச் சேர்ந்தேன். அந்த வருடமே ஒரு பழைய சரக்குக் கப்பலில் சாப்பாட்டு அறையைப் பிரித்துக்கொண்டிருந்தார்கள். அதில் காசு போட்டால் பாடுகிற பெட்டி ஒன்று. பெட்டியை யாரோ எடுத்துக்கொண்டார்கள். அதற்குள் இருந்த தட்டுகளை, சின்னத் தட்டுகள், பக்கத்துக்கு ஒரு பாட்டு, கப்பலின் சமையற்காரன் ஒரு வெங்காய மூட்டையில் போட்டு என்னிடம் கொடுத்துவிட்டான். அறுபத்து மூன்று தட்டு. வெங்காய வாசனை ஒரு வருடம் போகவில்லை.

அதில் பாதி ஆட்டப் பாட்டு. அதெல்லாம் யாருக்கோ கொடுத்துவிட்டேன். மீதியில்தான் மாட்டிக்கொண்டேன். அமெரிக்காவில் தெற்குப் பக்கம், கறுப்பு மக்கள், சர்ச்சில் பாடிப் பழகிய தொண்டை. அதோடு ஸ்டூடியோவுக்கு வந்து பெண்டாட்டியைப் பற்றிப் பாடினார்கள். டீப் சோல் என்பார்கள். வேகம் கிடையாது, ஆட முடியாது. ஒருவன் நின்று கெஞ்சுவான், அவ்வளவுதான். போகாதே என்பான். போய்விட்டாயா என்பான். எங்கள் கோவிலில் பெரிய வெள்ளிக்கிழமை பாடுகிற வியாகுலப் பாட்டைக் கேட்டிருந்தால் உங்களுக்குப் புரியும். வார்த்தை புரியாமலே தொண்டையை அடைக்கும். அதே அடைப்பு.

இவற்றைச் சின்னச் சின்னக் கம்பெனிகள் போட்டன. முந்நூறு தட்டு அடிப்பார்கள், ஊருக்குள் விற்பார்கள், கம்பெனியை மூடிவிடுவார்கள். அதனால் இன்று ஒன்று கிடைப்பது குதிரைக்கொம்பு. இந்தத் தமிழ்நாட்டில் இதைச் சேர்க்கிறவர்கள் எனக்குத் தெரிந்து இரண்டே பேர். இரண்டு பேரும் தூத்துக்குடியில், இரண்டு தெரு தள்ளி. அதனால்தான் பகை. ஊருக்கு ஒருவர் இருந்திருந்தால் கடிதம் எழுதிக்கொண்டு சிநேகிதமாக இருந்திருப்போம்.

மற்றவர் பெயர் கொரேரா. கப்பலில் என்ஜினீயராக இருந்து ரிடையர் ஆனவர். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் நேராக இங்கே வருவார். வந்து பெட்டி பெட்டியாக விரலால் தள்ளிப் பார்ப்பார். 'ஒண்ணும் புதுசா இல்லையால மச்சாது?' என்பார். நான் 'ஒண்ணும் இல்ல அண்ணே' என்பேன். இப்படி எட்டு வருடம். ஒருநாள் நான் குளித்துக்கொண்டிருந்தபோது வந்திருக்கிறார். என் மகளுக்கு அப்போது ஏழு வயது. அவளுக்கு ஒரு சாக்லேட்டைக் கொடுத்து, 'அப்பா என்னம்மா புதுசா தேடுதாரு?' என்று கேட்டிருக்கிறார். இவள் நான் மேசையில் எழுதி வைத்திருந்த ஒரு தட்டின் பெயரை எழுத்துக் கூட்டி வாசித்துக் காட்டிவிட்டாள். ஒரு மாதத்தில் அந்தத் தட்டு கொரேரா வீட்டில் இருந்தது.

நான் திட்டவில்லை. குழந்தையை ஏன் திட்ட வேண்டும்? அது பொய் சொல்லாது. பொய் சொல்லாததிடம் உண்மையைக் கொடுத்து வைக்கக் கூடாது, அவ்வளவுதான். அன்றைக்கு முடிவு செய்தேன்.

என் மகள் பெயர் ரோவினா. ரோவி. ஒன்றே ஒன்று. நல்ல பிள்ளை. இந்தச் சின்னத் தட்டுகளுக்கு நடுவில் பெரிய ஓட்டை இருக்கும், நம் ஊர் பிளேயரில் நிற்காது. அதற்கு மஞ்சள் பிளாஸ்டிக்கில் ஒரு வளையம் உண்டு, ஓட்டைக்குள் பொருத்த வேண்டும். அதை அவள் 'நட்சத்திரம்' என்பாள். மூன்று வயதிலிருந்தே நட்சத்திரம் மாட்டுவது அவள் வேலை. ஊசியை நான் வைப்பேன். பாட்டு முடிகிற வரைக்கும் பேசக் கூடாது என்பது எங்கள் சட்டம். பேசமாட்டாள். கையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். சில நாள் அப்படியே தூங்கிப்போவாள். நான் பாட்டை மாற்றிப் போட்டுவிட்டு மறுபடி உட்காருவேன். அவளைப் படுக்கையில் கொண்டு விடுவது ஜெசிந்தா. என் மனைவி. அவள் ஆஸ்பத்திரியில் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை. நாள் முழுக்க நின்று பார்க்கிற வேலை. ஆனாலும் அவள்தான் தூக்கிக்கொண்டு போவாள்.

லூதர் கிரெய்ன் எனக்குப் போன வருடம் டிசம்பரில் கிடைத்தது. எப்படி என்று கேட்காதீர்கள், உங்கள் மாமனாரிடம் சொல்லிவிடுவீர்கள். அலபாமாவில் ஒரு மர ஆலைக்காரர் நடத்திய கம்பெனி. லூதர் கிரெய்ன் பாடியது இந்த ஒரு பாட்டுதான். பெண்டாட்டி பெட்டி கட்டுகிறாள். இவன் வாசலில் நிற்கிறான். எல்லாவற்றையும் எடுத்துக்கொள், ஆனால் ஒரு உடுப்பை மட்டும் கொடியில் விட்டுவிட்டுப் போ, திரும்பி வருவாய் என்று நான் நினைத்துக்கொண்டிருப்பேன் என்கிறான். அவ்வளவுதான் பாட்டு. இரண்டாவது முறை அந்த வரி வரும்போது அவன் தொண்டை உடையும் தம்பி. உண்மையிலேயே உடையும். அதற்கப்புறம் ஒரு மூச்சு, அது பாட்டில் எழுதியிருக்காது. அந்த மூச்சை மட்டும் நான் ஒரு நாளில் இருபது தடவை கேட்டிருக்கிறேன். ஒரு மனிதன் எப்போது உடைகிறான் என்று எனக்குத் துல்லியமாகத் தெரியும். காது அப்படிப் பழகிவிட்டது.

கொரேரா ஞாயிற்றுக்கிழமை வருவார். என்ன செய்வது? தட்டு சேர்க்கிறவர்களிடம் ஒரு பழக்கம் உண்டு, அயல்நாட்டிலும் உண்டு. அரிய தட்டு கிடைத்தால் அதன் லேபிள் மேல் வேறு காகிதம் ஒட்டி மறைத்துவிடுவார்கள். மற்றவன் பார்த்தால் பெயர் தெரியக் கூடாது. நானும் மைதா பசை காய்ச்சி, சிவப்புக் காகிதம் வெட்டி, பச்சை லேபிளின் மேல் ஒட்டினேன். அதன் மேல் 'குழந்தைப் பாட்டு, கீறல்' என்று எழுதினேன். எழுதி, கட்டிலுக்கு அடியில் உள்ள குப்பைப் பெட்டியில் வைத்தேன். கீறல் விழுந்தது, வளைந்தது, உடைந்தது எல்லாம் அதில்தான் கிடக்கும். கொரேரா பெரிய மனிதர், குப்பையைத் தொடமாட்டார். சந்தேகம் வராமல் இருக்க இன்னும் ஆறேழு கீறல் தட்டுக்கும் சிவப்புக் காகிதம் ஒட்டினேன். வீட்டிலும் சொல்லிவிட்டேன், சிவப்பு ஒட்டியது எல்லாம் குப்பை என்று. ஜெசிந்தாவிடமும் அதைத்தான் சொன்னேன். ரோவியிடமும்.

கெட்டிக்காரத்தனம்தானே? நீங்களே சொல்லுங்கள்.

என் பிறந்தநாள் பிப்ரவரியில், இந்த வருடம் தவக்காலம் தொடங்குகிற சாம்பல் புதனுக்கு நாலு நாள் முந்தி வந்தது. சனிக்கிழமை. அதற்கு முந்தின வாரம் ஆபீஸில் இருந்தபோது ரோவி போன் செய்தாள். கப்பல் ஒன்று கரைக்கு வந்துகொண்டிருந்தது, இரண்டு காதிலும் போன்.

"அப்பா, சிவப்புப் பேப்பர் ஒட்டினது எல்லாம் வேஸ்ட்தானே?"

"ஆமா."

"நான் ஒண்ணு எடுத்துக்கவா?"

"எடுத்துக்கோ."

"நிஜமா வேஸ்ட்தானே? அப்புறம் திட்டக் கூடாது."

"ரோவி, அப்பா வேலையா இருக்கேன். வேஸ்ட்டுதான்னு சொல்லுதேன்ல."

மூன்று தடவை கேட்டாள் என்று பின்னால் கோர்ட்டில் அதையே என் மேல் ஒரு குற்றமாக எழுதினார்கள். மூன்று தடவை கேட்டது உண்மைதான். ஆனால் எந்தத் தட்டு என்று ஒரு தடவையாவது கேட்டாளா? அதுதான் என் பக்கம்.

பிறந்தநாள் அன்று காலையில் பூப்போட்ட காகிதத்தில் சுற்றி ஒன்றைக் கொண்டுவந்து நீட்டினாள். பிரித்தேன். உள்ளே ஒரு கிண்ணம். கறுப்பு. ஓரம் எல்லாம் பூவிதழ் மாதிரி வளைந்து. பள்ளியில் கைவேலை மிஸ் சொல்லிக்கொடுத்தார்களாம். பழைய தட்டை வெந்நீரில் போட்டு, இளகியதும் ஒரு டம்ளரின் மேல் கவிழ்த்து அழுத்தினால் கிண்ணம் ஆகிவிடுமாம். நடு ஓட்டையை அடைக்க ஒரு வட்ட அட்டை வெட்டி ஒட்டியிருந்தாள்.

"நட்சத்திரம் போட்டு வைக்கதுக்கு அப்பா. நீங்க எப்பவும் தொலைச்சிட்டுத் தேடுதீங்கல்ல."

நான் கிண்ணத்தைத் திருப்பினேன். வெந்நீர் பட்டுப் பசை விட்டு, சிவப்புக் காகிதம் ஒரு பக்கம் நகர்ந்திருந்தது. அதற்குக் கீழே பச்சை.

நான் கத்தவில்லை. இதைப் பதியவைக்க வேண்டும், நான் கத்தவில்லை, கை ஓங்கவும் இல்லை. என் அப்பா என்றால் பெல்ட்டைக் கழற்றியிருப்பார். நான் எழுந்து போய்ப் புகைப்படத்துக்குப் போடுகிற கண்ணாடி இரண்டை எடுத்துக்கொண்டு மாடிக்குப் போனேன். வளைந்த தட்டை நிமிர்த்த ஒரு வழி உண்டு. இரண்டு கண்ணாடிக்கு நடுவில் வைத்து, வெயிலில் காயவிட்டு, மேலே பாரம் ஏற்ற வேண்டும். அட்டையைப் பிய்த்தேன். கிண்ணத்தைக் கண்ணாடியின் மேல் வைத்தேன். சூடு ஏற ஏற அமுக்கினேன். ரோவி பின்னாலேயே வந்து மாடிப்படியில் நின்றாள்.

"அப்பா, அது கிண்ணம்ப்பா," என்றாள்.

நான் அரிசி மூட்டையைத் தூக்கி மேலே வைத்தேன்.

சாயங்காலம் எடுத்துப் பார்த்தால் தட்டாகவும் வரவில்லை, கிண்ணமாகவும் இல்லை. ஊசி வைத்தால் அலையில் போகிற வள்ளம் மாதிரி ஏறி இறங்கி வெளியே குதித்துவிட்டது. அந்த மூச்சு இருக்கிற இடத்தில் சரியாக ஒரு மடிப்பு. நீங்கள் வந்ததும் மேசையிலிருந்து எடுத்துப் பார்த்தீர்களே, இது என்ன சாம்பல் தட்டா என்று கேட்டீர்களே, அதுதான் லூதர் கிரெய்ன். பார்த்து வையுங்கள். பரவாயில்லை, இனி அதற்கு ஒன்றும் ஆகாது.

புதன்கிழமை சாம்பல் பூசிக்கொண்டு வந்தோம். தவக்காலத்தில் நாங்கள் எதையாவது விடுவோம். சிலர் கறி, சிலர் சிகரெட். சாமியார் இந்த வருடம் பிரசங்கத்தில், எது உனக்குக் கடினமோ அதை ஒறுத்துப் பார் என்றார். என் கோபம் எனக்குத் தெரியும். வாயைத் திறந்தால் எதையாவது சொல்லிவிடுவேன். அதனால் ரோவியைக் கூப்பிட்டுச் சொன்னேன். "ரோவி, இது உனக்குத் தண்டனை இல்லம்மா. அப்பா கோபத்தை அடக்கதுக்கு ஒரு ஒறுத்தல் எடுத்திருக்கேன். ஈஸ்டர் வரைக்கும் அப்பா உன்கூடப் பேசமாட்டேன். சரியா?"

சரி என்றாள். அவள் சம்மதித்துத்தான் நடந்தது.

நான் கடைசிவரை கடைப்பிடித்தேன். ஒரு வார்த்தை பேசவில்லை. சிகரெட் விட்டவர்கள் எல்லாம் இரண்டாம் வாரமே கோவில் காம்பவுண்டுக்குப் பின்னால் நின்றார்கள். கொரேரா கறியை விட்டுவிட்டு இறாலைக் கிலோ கிலோவாகத் தின்றார். நான் மட்டும்தான் ஒழுங்காக இருந்தேன்.

முதல் ஞாயிற்றுக்கிழமை ரோவி மறைக்கல்வி வகுப்பிலிருந்து ஓடி வந்தாள். "அப்பா, அப்பா! ஞாயிற்றுக்கிழமை தவக்காலக் கணக்கில வராதாம். சிஸ்டர் சொன்னாங்க. நாற்பது நாள்ல ஞாயிறு சேராதாம். அப்ப இன்னைக்குப் பேசலாம்ல?"

சிஸ்டர் சொன்னது சரிதான். கணக்கு அப்படித்தான். ஆனால் ஒரு நாள் விட்டால் அப்புறம் பிடிப்பது கஷ்டம். நான் தலையை மட்டும் ஆட்டினேன், இல்லை என்று. அடுத்த ஞாயிறும் வந்து நின்றாள். கேட்கவில்லை, சும்மா நின்றாள். அதற்கடுத்த ஞாயிறு வரவில்லை. அடுப்படியில் மாட்டியிருந்த நாள்காட்டியில் ஒவ்வொரு நாளாகப் பென்சிலால் அடித்துக்கொண்டு வந்தாள். படிப்பில் அக்கறை வந்துவிட்டது, பரீட்சைக்கு நாள் குறிக்கிறாள் என்று நினைத்தேன்.

ஜெசிந்தா இடையில் இரண்டு தடவை பேசினாள். ஒருநாள் சாப்பாட்டைப் போட்டுக்கொண்டே, "பிள்ளை ஸ்கூல்லயும் பேசதில்லையாம். மிஸ் கூப்பிட்டு விட்டாங்க," என்றாள்.

"நல்லதுதானே. முந்தியெல்லாம் ரொம்பப் பேசுதான்னுதானே எழுதி விட்டாங்க?"

அவள் சோற்றுக் கரண்டியைச் சட்டிக்குள் போட்டுவிட்டு என்னைப் பார்த்தாள். "என்னங்க, உங்களுக்கு நிஜமாவே புரியலையா, இல்ல புரியாத மாதிரி இருக்கீங்களா?" என்று கேட்டாள். மீன்குழம்பில் உப்பு கொஞ்சம் கூடுதல் என்று நான் சொன்னேன். அன்று கூடுதல்தான்.

இன்னொரு நாள் வந்து, "ஒரு தட்டுக்காக," என்று தொடங்கினாள். நான் காதில் ஹெட்போன் வைத்திருந்தேன். மீதி கேட்கவில்லை.

ஈஸ்டர் வந்தது. இதை நன்றாகக் கேளுங்கள், இதில்தான் எல்லோரும் என்னைத் தப்பாகச் சொல்கிறார்கள். பூசை முடிந்து வீட்டுக்கு வந்தோம். ரோவி புதுக் கவுன் போட்டிருந்தாள், வெள்ளையில் நீலப் புள்ளி. சாப்பாட்டு மேசையில் எனக்கு எதிரில் வந்து உட்கார்ந்தாள். கையை மடியில் வைத்துக்கொண்டு, பாட்டுக்கு உட்காருகிற மாதிரி. நானும் பேசத்தான் போனேன். என்ன பேசுவது என்றுகூட யோசித்து வைத்திருந்தேன். கவுன் நன்றாக இருக்கிறது என்று தொடங்கலாம் என்று.

அப்போது கொரேரா போன் செய்தார். தட்டு கெட்டுப்போனதால் இனி மறைக்க ஒன்றும் இல்லை, வேறொன்று தேடுவதாக அவரிடமே சொல்லி வைத்திருந்தேன். "ஏல மச்சாது, உயிர்த்த ஆண்டவர் உனக்கு ஒண்ணு அனுப்பியிருக்காரு. கொல்லத்துல ஒரு வீட்ல உன் பச்சை லேபிள் இருக்காம். இன்னைக்கே போனா கிடைக்கும், நாளைக்கு அந்த ஆள் துபாய் போறான்."

யோசிக்க நேரம் இல்லை. பையை எடுத்தேன், சட்டையை மாற்றினேன். வாசல் வரைக்கும் ரோவி வந்தாள். நான் திரும்பி அவளைப் பார்த்து, "கதவைச் சாத்திக்கோ," என்றேன்.

தவக்காலம் முடிந்ததும் நான்தான் முதலில் பேசினேன். அவள் இல்லை. அதை யாரும் சொல்வதில்லை.

திருநெல்வேலி, தென்காசி, புனலூர் என்று மூன்று பஸ் மாறிக் கொல்லம் போனேன். பச்சை லேபிள்தான், ஆனால் வேறு கம்பெனி. ஏதோ ஆட்டப் பாட்டு. அந்த வீட்டுக்காரர் நல்ல மனிதர், அப்பமும் கறியும் போட்டு அனுப்பினார்.

திங்கட்கிழமை மதியம் வந்து சேர்ந்தேன். ஜெசிந்தா லீவு போட்டு வீட்டில் இருந்தாள். நான் உடனே கம்ப்யூட்டரில் உட்கார்ந்தேன். ஒஹாயோவில் ஒருவனிடம் இன்னொரு பிரதி இருப்பதாக ஒரு செய்தி வந்திருந்தது, அதற்குப் பதில் எழுத வேண்டும். இப்படிப் பதில் எழுதுவதில் ஒரு பக்குவம் உண்டு. அவசரம் காட்டக் கூடாது. மூன்று தடவை எழுதி அழித்தேன். பக்கத்து அறையில் அலமாரி திறந்து மூடுகிற சத்தம் கேட்டது. ஜெசிந்தா இரண்டு தடவை வாசலில் வந்து நின்றாள். நான் கையைக் காட்டினேன், கொஞ்சம் பொறு என்று. மூன்றாவது தடவை வந்தபோது தோளில் பை இருந்தது. "நாங்க நாகர்கோவில் போறோம். அண்ணன் வீட்டுக்கு," என்றாள்.

"எப்ப வருவீங்க?" என்று கேட்டேன்.

ரோவியைக் கூட்டிக்கொண்டு வாசல் இறங்கினாள். போன பிறகு போய்ப் பார்த்தேன். அலமாரியைத் துடைத்துச் சுத்தமாக வைத்துவிட்டுப் போயிருந்தாள். ஒரு கைக்குட்டைகூடக் கிடையாது, கொடியில் ஒரு கிளிப் மட்டும். எல்லாவற்றிலும் ஒழுங்கு அவளுக்கு. அதை நான் எப்போதும் பாராட்டுவேன்.

காபி ஆறிவிட்டதா? இருக்கட்டும், சூடு பண்ணித் தருகிறேன். பால் மட்டும் சில நாள் பொங்கிவிடுகிறது.

அப்புறம் கோர்ட்டு. ஏழெட்டு மாதம். இரண்டு தடவை கவுன்சிலிங். பிள்ளை அம்மாவிடம் இருப்பதில் எனக்குச் சண்டை இல்லை, பெண் பிள்ளை. சனி, ஞாயிறு என்னிடம் அனுப்பட்டும் என்றுதான் கேட்டேன். அது ஒன்றைத்தான் கேட்டேன். அவளுக்காக உள்ளே ஒரு அலமாரி காலி செய்தேன். அதைக் காலி செய்ய ஐம்பது தட்டைக் கொரேராவிடமே கொடுத்தேன் என்றால் நம்புவீர்களா? அவர் வாங்கிக்கொண்டு போனார். அதற்கப்புறம் ஞாயிற்றுக்கிழமை அவர் வருவதில்லை.

என் வக்கீல் தனிஸ்லாஸ் வயதானவர், எங்கள் கோவில் பங்குதான். போன வியாழன் கோர்ட்டு வராந்தாவில் என் காதோரம் வந்து, "மச்சாது, உள்ள கூப்பிடதுக்கு முந்தி பிள்ளைகிட்டப் போய் ஒரு மன்னிப்பு கேட்டுடுங்க. ஒரு வார்த்தை. அது போதும்," என்றார்.

"எதுக்கு சார்? தட்டை வெந்நீர்ல போட்டது நானா?"

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "சரி, சும்மாவாவது போய்ப் பேசுங்க," என்றார்.

போனேன். ரோவி பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். பதினோரு வயது ஆகிவிட்டது. தலையை இரட்டைப் பின்னலாகப் போட்டிருந்தாள், முன்பெல்லாம் ஒற்றைதான். ஜெசிந்தா எழுந்து கொஞ்சம் தள்ளிப் போய் நின்றாள், எங்களுக்கு இடம் கொடுக்க. நான் பக்கத்தில் உட்கார்ந்தேன். அவள்தான் கேட்டாள்.

"அப்பா, அந்தத் தட்டு திரும்பக் கிடைச்சுட்டா?"

எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது தம்பி. எட்டு மாதம் கழித்துப் பார்க்கிறாள், முதல் கேள்வியே அதைக் கேட்கிறாள். அக்கறை இல்லாமல் கேட்பாளா? ஒஹாயோக்காரன் கதையை முழுக்கச் சொன்னேன். அவன் எப்படி முதலில் ஒத்துக்கொண்டான், பிறகு எப்படிப் பின்வாங்கினான், அவனிடம் இருப்பதில் லேபிள் கொஞ்சம் கிழிந்திருப்பது, கரகர சத்தம் இல்லாத பிரதி கிடைப்பது எவ்வளவு அபூர்வம், எல்லாம். இருபது நிமிடம் இருக்கும். அவள் குறுக்கே பேசவே இல்லை. பாட்டுக் கேட்கிற மாதிரியே கேட்டாள். நடுவில் ஒரு தடவை, "அப்ப இன்னும் கிடைக்கல," என்றாள். "கிடைச்சிரும்மா," என்றேன். "கிடைக்கட்டும்ப்பா," என்றாள். டவாலி வந்து அவள் பெயரைக் கூப்பிட்டார். எழுந்து, கவுனைத் தட்டி விட்டுக்கொண்டு போனாள்.

நீதிபதி அம்மா பிள்ளையைத் தனியாகத்தான் கேட்பார்கள். நாங்கள் வெளியே. ஜெசிந்தா ஒரு ஓரம், நான் ஒரு ஓரம், நடுவில் தனிஸ்லாஸ். பத்து நிமிடம்கூட ஆகவில்லை. பிறகு எங்களையும் கூப்பிட்டு, பிள்ளையின் முன்னாலேயே நீதிபதி அம்மா படித்துச் சொன்னார்கள். மூன்று வழி சொல்லி, எது வேண்டுமோ அதை நீயே சொல் என்று கேட்டார்களாம். ஒன்று, வாராவாரம் சனியும் ஞாயிறும் அப்பா வீட்டில். இரண்டு, மாதத்தில் இரண்டு சனிக்கிழமை, பகலில் மட்டும். மூன்று, மாதம் ஒரு மணி நேரம், கோர்ட்டிலேயே பிள்ளைகளுக்கான அறையில்.

ரோவி மூன்றாவதைச் சொன்னாள். அம்மாவும் அந்த அறையிலேயே இருக்க வேண்டும் என்றாள்.